காட்டேரி வந்தால் பேய்க்கதையா?

றொமான்ஸ் என்ற சொல் நம்மிடம் இரண்டு வாசல்களால் வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நாவலின் தோற்றம் பற்றிப் படிப்பவர்களுக்கு றொமான்ஸ் என்றால் நாவலுக்கு முற்பட்ட அற்புத வீரக் கதை. பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) போன்ற நூல்களினூடாக வந்தவர்கள் அச்சொல்லை இந்தப் பொருளிலேதான் அறிவார்கள். ஆனால் கொழும்பிலே ஓர் ஆங்கிலப் புத்தகக் கடைக்குள் நுழைந்து, றொமான்ஸ் நூல்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் அடுக்கில் இருப்பவை காதற் கதைகள்.

மூலத்திலே இவ்விரண்டு பொருளும் அச்சொல்லுக்கு இல்லை. கற்றோர் எழுதிய இலத்தீனுக்கு மாறாக மக்கள் பேசிய பழைய பிரெஞ்சு மொழியைக் குறித்த பெயர் அது. பின்னர் அம்மொழியிற் சொல்லப்பட்ட கதைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. எங்கள் இலக்கண வகுப்பில் இதை ஆகுபெயர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அக்கதைகளில் மாவீரரும் மந்திரவாதிகளும் அரக்கரும் இருந்தனர். அவற்றிலே காதலும் இருந்தது. காலப்போக்கில் ஒரு சாரார் அற்புதத்தைப் பிடித்துக்கொண்டு அதை றொமான்ஸ் என்றனர். மற்றொரு சாரார் காதலைப் பிடித்துக்கொண்டு அதையே றொமான்ஸ் என்றனர். அற்புதமும் காதலும் ஒரே நூலிற் கூடி வரும்போது அதை எந்த அடுக்கில் வைப்பது என்று இன்றைக்கும் பதிப்பாளரும் விமர்சகரும் வாசகரும் முட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

அந்தப் பழைய மரபு நம் நாட்டையும் தொட்டிருக்கிறது. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை', ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டைச் சகோதரர் பற்றிய ஐரோப்பிய மத்தியகால றொமான்ஸின் வழிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்ற தீராத வழக்கில், 'அசன்பேயுடைய கதை' (1885), 'மோகனாங்கி' (1895) ஆகியவற்றோடு இந்நூலும் நிற்கிறது. அதை நாவல் என்பதா, றொமான்ஸ் என்பதா என்பது அவ்வழக்கின் ஒரு கூறு. அதை இன்று கிளறப்போவதில்லை. ஆங்கில இலக்கியத்தில் அற்புதமும் காதலும் சேர்ந்த கதைகள் எவ்வாறு கிளை பிரிந்தன, அக்கிளைகளை எதைக்கொண்டு வேறுபடுத்தி அறிவது என்பதே என் விடயம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்குக் கீழே ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். ஸ்டெபனி மேயர் 2005 இல் எழுதிய 'ட்வைலைட்'. என்ன புத்தகம் என்று கேட்டேன். "பேய்க்கதை, சேர்" என்றான். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "பொய் சேர், லவ் ஸ்டோரி" என்று காட்டிக்கொடுத்தான். வகுப்பு சிரித்தது. வாசித்தவனின் முகம் சிவந்துவிட்டது. பேய்க்கதை வாசிப்பதில் அவனுக்கு வெட்கமில்லை. காதற்கதை என்றால் வெட்கம். அந்த வெட்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதை அவன் அறிய நியாயமில்லை.

இருவரில் யார் சொன்னது சரி? அன்று நான் கற்பித்துக்கொண்டிருந்தது அகத்திணை. கடல் வந்தால் நெய்தல், மலை வந்தால் குறிஞ்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் மாணவர்களுக்கு உண்டு. அது போதாது. உரிப்பொருள் தவிர்ந்த ஏனையவை ஒரு திணையிலிருந்து இன்னொன்றுக்குள் மயங்கி வரலாம் என்பது தொல்காப்பியர் காட்டும் வழி. மருதத்துப் பறவை ஒன்று நெய்தற் பாட்டுக்குள் பறந்து வந்துவிட்டதால் பாட்டு மருதமாகிவிடாது. காட்டேரியும், பாழடைந்த கோட்டையும், பறக்கும் நாகமும் இப்படிப்பட்டவையே. அவை கருப்பொருள், எங்கும் போய்த் தங்கும். கதை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது, எந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதே உரி. இந்த ஒப்பீட்டை அதிகம் இழுத்தால் அறுந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதியவர் எவரும் திணை பார்த்து எழுதவில்லை. ஆயினும் வகை பிரிக்க உட்காரும்போது எதை முதலிற் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல துணை.

இனி வரலாற்றுக்கு வருவோம். பிரித்தானியப் பிரதமராக இருந்த சேர் ரொபர்ட் வால்போலின் மகன் ஹொரஸ் வால்போல், 1764 டிசம்பரில் 'ஒட்ரான்டோக் கோட்டை' என்ற சிறு கதைநூலை வெளியிட்டார். பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய்ப்பெயரில் வெளியிட்டார். வரவேற்பைக் கண்டபின் 1765 இல் இரண்டாம் பதிப்பிலே தானே ஆசிரியன் என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற உபதலைப்பையும் சேர்த்தார். அப்பதிப்பின் முன்னுரை முக்கியமானது. பழைய றொமான்ஸில் எல்லாம் கற்பனை, புதியதில் எல்லாம் இயற்கை. இரண்டையும் கலந்து பார்க்க முயன்றேன் என்ற கருத்தை அதிலே சொல்கிறார். கலப்பினம் என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு பிறந்த கதை இது.

கதை தொடங்கும்போதே திருமண நாளில் வானத்திலிருந்து ஒரு பிரமாண்டமான தலைக்கவசம் விழுந்து மணமகனை நசுக்கிவிடுகிறது. அவனுடைய தந்தை மன்பிரெட், மகனுக்கு நிச்சயித்த இசபெல்லாவைத் தானே மணக்கத் துரத்துகிறான். தியடோர் என்ற இளைஞன் மன்பிரெட்டின் மகள் மெட்டில்டாவை விரும்புகிறான். தந்தை ஆள்மாறித் தன் மகளையே குத்திவிடுகிறான். தியடோர் இறுதியில் இசபெல்லாவை மணக்கிறான். எதற்கென்றால், இழந்தவளை நினைத்துத் துயருற ஒரு துணை வேண்டும் என்பதற்காக. காதல் இருக்கிறது, கலியாணமும் இருக்கிறது. ஆனால் கதையின் கவலை அதுவன்று. பிறர் சொத்தைக் கவர்ந்த பரம்பரைக்கு என்ன நேரும் என்பதே அதன் கேள்வி. காதலைக் கழித்துவிட்டாலும் அந்தக் கேள்வி நிற்கும்.

கிளாரா றீவ் என்ற பெண்மணி இந்த இடத்தில் வருகிறார். பாடநூல்களில் இவருக்கு அரை வரிதான் கிடைக்கிறது, அது அநியாயம். 1777 இல் வேறு பெயரிலும், 1778 இல் 'பழைய ஆங்கிலப் பிரபு' என்ற பெயரிலும் வந்த கதையின் முன்னுரையில் அவர் வால்போலைப் பாராட்டிவிட்டு ஒரு குறையும் சொன்னார். ராட்சதத் தலைக்கவசமும், சட்டத்தை விட்டு இறங்கி நடக்கும் ஓவியமும் அளவு மீறியவை. பயத்துக்குப் பதில் சிரிப்பு வந்துவிடுகிறது. பேய் வரலாம், நம்பத்தக்க எல்லைக்குள் வரவேண்டும் என்பது அவர் கட்சி. 1785 இல் அவர் 'றொமான்ஸின் வளர்ச்சி' என்ற விமர்சன நூலை உரையாடல் வடிவில் எழுதினார். காணாததையும் நடவாததையும் சொல்வது றொமான்ஸ், நாம் வாழும் காலத்து வாழ்க்கையையும் பழக்கவழக்கங்களையும் காட்டுவது நாவல் என்று அதில் எல்லை வகுத்தார். வெறும் இலக்கணத்துக்காக வகுத்த எல்லை அன்று இது. அந்த உரையாடலில் றொமான்ஸை இகழ்கிறவர் ஹோர்டென்சியஸ் என்ற கனவான். அதற்காக வாதாடுகிறவர் யூபிரேசியா என்ற பெண். ஹோமரின் காவியங்களும் இந்தக் கதைகளும் ஒரே குடும்பம். ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றதைக் காலாலே தள்ளுவது என்ன நியாயம் என்ற தோரணையில் அவர் வாதம் போகிறது. பெண்கள் வாசிப்பதனாலேயே ஒரு வகை தாழ்ந்ததாகக் கருதப்பட்ட காலத்தில், வகை பிரித்தல் ஒரு தற்காப்பாகவும் இருந்தது.

அடுத்த பத்தாண்டில் ஆன் றட்கிளிப் என்ற பெண்மணி இதை வேறு திசைக்குக் கொண்டுபோனார். 'உடோல்போவின் மர்மங்கள்' (1794) நூலுக்குப் பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண். அக்காலத்திலே அது பேசப்பட்ட தொகை. எமிலி என்ற அநாதைப் பெண் மொன்டோனியின் கோட்டையில் அகப்படுகிறாள். ஓரிடத்தில் கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மயங்கி விழுகிறாள். என்ன கண்டாள் என்று ஆசிரியர் நூலின் கடைசிப் பகுதி வரை சொல்லமாட்டார். சொல்லும்போது, அது அழுகிய பிணம்போற் செய்யப்பட்ட ஒரு மெழுகு உருவம் என்று தெரியவரும். பேய் இல்லை, பேய் என்ற எண்ணம்தான். எமிலி தன் வலன்கோர்ட்டைக் கைப்பிடிக்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து, இருபது வயது மத்தியூ லூயிஸ் எழுதிய 'துறவி' (1796) வந்தது. அங்கே பேய் மெய்யாகவே பேய், சாத்தானும் மெய்யாகவே வருகிறான், ஆசை அழிவிலேதான் முடிகிறது. றட்கிளிப் இறந்தபின் 1826 இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று அச்சத்தையும் அருவருப்புக் கலந்த திகிலையும் வேறு பிரிக்கிறது. முன்னது உள்ளத்தை விரியச் செய்யும். பின்னது சுருக்கி உறையச் செய்யும். இரண்டு நூல்களிலும் கோட்டையும் கன்னியும் கொடியவனும் இருந்தும் இரண்டும் ஒரே வகையல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிற்காலத்தில் பிரான்சிலே வாழ்ந்த தொடரோவ் (1970) இதை ஒரு கொள்கையாகவே விரித்தார். நடந்தது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்ற தயக்கம் நீடிக்கும் வரை அது ஒன்று. இயற்கைதான் என்று முடிந்தால் வேறொன்று. அற்புதம்தான் என்று முடிந்தால் இன்னொன்று.

ஜேன் ஒஸ்டின் இதையெல்லாம் வாசித்துச் சிரித்தார். அவர் காலமானபின் 1817 டிசம்பரில் வெளியான 'நோர்தாங்கர் அபே'யில், கதாநாயகி கதரின் நள்ளிரவில் அலுமாரியைத் துழாவி இரகசியக் கையெழுத்துச் சுருள் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. ஆனாலும் அந்தக் கேலிக்குள் ஓர் அன்பு இருக்கிறது. அதே நூலில் நாவல்களை இகழ்வோரைக் கதையை நிறுத்திவிட்டு ஒஸ்டின் கண்டிக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

சார்லட் புறொன்டேயின் 'ஜேன் அயர்' (1847) இந்தப் பிரிவினைக்கெல்லாம் ஒரு சோதனை. மாடியிற் கேட்கும் பேய்ச்சிரிப்புக்கு விளக்கம் கிடைக்கிறது: அடைத்து வைக்கப்பட்ட முதல் மனைவி. இது றட்கிளிப்பின் வழி. ஆனால் இறுதியில், இந்தியாவுக்கு மதப்பணிக்குப் புறப்படும் சென் ஜோனின் வற்புறுத்தலுக்கு ஜேன் இணங்கிவிடப்போகும் வேளையில், தொலைவிலிருந்து அவளுடைய பெயரை மும்முறை அழைக்கும் குரல் கேட்கிறது. அவ்வேளையில் றொச்செஸ்டர் தன் வீட்டில் அப்படியே அழைத்தான் என்று பின்னர் அறிகிறோம். இதற்கு விளக்கமே இல்லை. ஒரே நூலுக்குள் விளக்கப்பட்ட அற்புதமும் விளக்கப்படாத அற்புதமும்! விளக்கப்படாத அந்த ஒன்றை எடுத்துவிட்டால் ஜேன் திரும்பியிருக்கமாட்டாள். அற்புதம் இங்கே காதலுக்கு ஏவல் செய்கிறது. இந்த வழியில்தான் டப்னி டு மோறியரின் 'றெபெக்கா' (1938) வந்தது. பேயே இல்லாமல், இறந்தவளின் பெயர் மாத்திரம் வீட்டை ஆள்கிறது. 1960 இல் விக்டோரியா ஹோல்ட் என்ற புனைபெயரில் வந்த 'மெலின் மாளிகையின் தலைவி' மலிவுப் பதிப்புக் கோதிக் காதற்கதைகளுக்குப் பெருவழி திறந்தது. இருண்ட மாளிகை, ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம், அங்கிருந்து ஓடும் பெண் என்று அட்டைப்படம்கூட ஒரே அச்சிலே வார்க்கப்பட்டது.

காட்டேரியின் கதை வேறு பாதையில் வந்து இதிலே கலந்தது. பைரனின் வைத்தியராக இருந்த ஜோன் பொலிடோரியின் 'இரத்தக் காட்டேரி' (1819), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) இரண்டிலும் காட்டேரி வெளியிலிருந்து வரும் அழிவு. 'டிராகுலா'வில் ஜொனதனும் மீனாவும் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கிறார்கள்தான். ஆனால் அது வேட்டைக்குக் காரணம் தருகிறது, வேட்டைதான் கதை. ஆன் றைஸ் 1976 இல் எழுதிய நூலில் காட்டேரியே பேட்டி கொடுத்துத் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. தன் துயரத்தைச் சொல்லத் தெரிந்த ஒன்றை வெறுப்பது கடினம். வெறுக்க முடியாததைக் காதலிக்க இன்னும் ஓரடிதான். கிறிஸ்டீன் பீஹானின் 'இருண்ட இளவரசன்' (1999) முதலாய நூல்களில் அந்த அடியும் வைக்கப்பட்டாயிற்று.

இதற்குள் அமெரிக்காவிலே காதற்கதை எழுதுவோர் 1980 இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். பிற்காலத்தில் அச்சங்கம் வகுத்த வரைவிலக்கணம் சுருக்கமானது: காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும். இலக்கிய விமர்சகர் சிலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. துன்பியல் நாடகத்துக்கு முடிவு துன்பமாக இருக்க வேண்டும் என்றால் ஏற்றுக்கொள்கிறோம். இதற்கு மாத்திரம் ஏன் சிரிப்பு?

இந்த வரைவிலக்கணத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. லோரல் ஹமில்டன் 1993 இல் தொடங்கிய அனிட்டா பிளேக் கதைகளில் நவீன அமெரிக்க நகரம், அங்கே சட்டபூர்வமாக வாழும் காட்டேரிகள், அவற்றின் குற்றங்களை ஆராயும் பெண். நகர்ப்புற ஃபான்டசி என்று இதற்குப் பெயர் வழங்கிற்று. சார்லேன் ஹாரிஸின் சூக்கி ஸ்டக்ஹவுஸ் வரிசை 2001 இல் தொடங்கியபோது அதன் முதல் நூலுக்குக் கிடைத்தது துப்பறியும் கதைகளுக்கான அன்தனி விருது. ஒவ்வொரு நூலிலும் ஒரு கொலை, ஒரு மர்மம். கூடவே சூக்கிக்குக் காட்டேரிக் காதலரும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக வாசகிகள் பலர் அவள் யாரை அடைவாள் என்றே வாசித்துவந்தார்கள். 2013 இல் வந்த கடைசி நூலில் அவள் காட்டேரி எரிக்கை விட்டு, மதுச்சாலை நடத்தும் சாம் பக்கம் சாய்ந்ததும் பெரும் ஆத்திரம் வெடித்தது. ஆசிரியருக்கு மிரட்டல்கள்கூட வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆசிரியர் எழுதியது ஒரு பெண் தன் ஊரில் தன் காலில் நிற்கும் கதை. வாசகிகள் கேட்டது காதற்கதையின் முடிவு. மிரட்டியவர்களுக்காக நான் வாதாடப்போவதில்லை. ஆனால் காதலை அட்டையிலும் விளம்பரத்திலும் முன்னிறுத்தி நூலை விற்றவர்களுக்கும் இதில் பங்குண்டு.

என் மாணவன் வைத்திருந்த 'ட்வைலைட்'டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் காட்டேரி உண்டு, அமெரிக்கச் சிற்றூர் உண்டு, அதைக் காதலிக்கும் இளம்பெண் உண்டு. 'ட்வைலைட்'டிலிருந்து பெல்லாவும் எட்வர்டும் கொண்ட காதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது போர்க்ஸ் என்ற ஊரின் மழை மாத்திரமே. காட்டிக்கொடுத்தவன் சொன்னதுதான் சரி.

காலப் பயணக் கதைகளிலும் இதே நிலை. டயானா கபல்டனின் 'அவுட்லாண்டர்' (1991) இரண்டாம் உலகப் போர்க் காலத் தாதி ஒருத்தியை 1743 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோகிறது. மேற்சொன்ன சங்கம் 1992 இல் அதற்கு ஆண்டின் சிறந்த றொமான்ஸ் விருதைக் கொடுத்தது. ஆசிரியரோ தான் எழுதுவது றொமான்ஸ் அல்ல என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இருவரும் தத்தம் பக்கம் சரியே: முதல் நூலின் நடுவில் இருப்பது காதல்; தொடர் வளர வளர வரலாறு அதை விழுங்கிவிடுகிறது. ஓட்ரி நிபனேகரின் 'காலப்பயணியின் மனைவி' (2003) இதற்கு மாறானது. முதலிலிருந்து கடைசிவரை காதல்தான். ஆனால் கணவன் இறந்துபோகிறான். அங்காடிக் கணக்கில் அது றொமான்ஸ் ஆகாது. என் கணக்கில் அது பாலைத்திணை.

அண்மைக்காலத்தில் வந்த பெயர் றொமான்டசி. றொமான்ஸ், ஃபான்டசி இரண்டையும் ஒட்டிப் பதிப்புத்துறை பரப்பிய சொல். 2024 இல் ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஆண்டுச் சொல்லுக்கான இறுதிப் பட்டியல்வரை போயிற்று. சாரா மாஸின் 'முட்களும் றோஜாக்களும் நிறைந்த அரசவை' (2015), றெபெக்கா யாறோஸின் 'நாலாஞ் சிறகு' (2023) முதலியவை இதன் கீழ் விற்கின்றன. நாம் வாழும் உலகமே இவற்றில் இல்லை. முற்றிலும் வேறோர் உலகம். நகர்ப்புற ஃபான்டசியிலிருந்து இவை வேறுபடும் முதல் இடம் அதுதான். சொல்லைப் பார்த்தால் வால்போல் 1765 இல் கலந்த கலவைக்கு விலைச்சீட்டு ஒட்டியதுபோலத்தான் தோன்றும். அவசரப்பட்டுத் தள்ளிவிடவும் முடியவில்லை. யாறோஸின் கதையில் பறவைநாகங்கள் இரண்டு சோடி சேர்ந்தவை. அவற்றில் ஏறும் பெண்ணும் ஆணும் பகைவீட்டார். நாகங்களைப் பிரிக்க முடியாததால் இவர்களும் பிரிய முடியாது. ஒருவர் இறந்தால் மற்றவருக்கும் ஆபத்து. காதலை எடுத்தால் கதை நொண்டும், நாகத்தை எடுத்தால் காதலுக்கே வழியில்லை. கருவையும் உரியையும் இப்படிப் பின்னி வைத்திருக்கும் நூலை நாம் இதுவரை பார்த்த அடுக்கு எதிலும் வைக்க முடியாது. முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றாலும் பொறுக்க வேண்டும். ஐந்து நூல்களாகத் திட்டமிட்ட வரிசையில் மூன்றாவது 2025 ஜனவரியில் வெளியாயிற்று.